கொடுக்காத மாப்பு

மக்காவுக்கு உம்ராப் பயணம் போகிறவர்கள் மடவளையில் வீடு வீடாக ஏறி இறங்கி மாப்புக் கேட்பார்கள். கையைப் பிடித்து, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்பு செஞ்சிருங்க" என்பார்கள். எதிரில் இருப்பவர் "நீங்களும் எனக்கு மாப்பு செய்யுங்க" என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. மனதில் என்ன புகைந்தாலும் வாய் சொல்லிவிடும். உலகத்திலேயே சுலபமான வேலை. அதைத்தான் அபீபா செய்யவில்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்ராவுக்குப் புறப்பட இருந்த றலியா வந்தாள். அபீபாவின் கூடப்பிறந்த மூத்தவள். அக்காவை அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள், ஊரில் எல்லோரையும் போல. றலியா கையை நீட்டியதும் அபீபா, "பால் பொங்குது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை. கூடத்தில் இருந்த நாலு பேருக்கும் அது தெரியும். றலியா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் அபீபாவின் கணவர் முஹைதீன் பேராதனை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்து மௌத்தானார். கிட்டவே கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற றலியா ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஜனாஸா அடக்கத்துக்கு மட்டும் வந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். அந்த அழுகைதான் அபீபாவுக்குச் செரிக்கவே இல்லை.

இன்று லுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போது போன் அடித்தது. தாயை வழியனுப்பக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போயிருந்த றலியாவின் மகன் நஸீம்.

"சாச்சி, உம்மா போன பிளேன்ல ஒரு எஞ்சின் நிண்டிட்டாம். திருப்பிக் கொண்டு வாறாங்களாம். துஆ கேளுங்க."

"எறங்கிட்டாங்களா?"

"இன்னம் இல்ல. எண்ணெய் நெறய ஈக்காம், அந்தப் பாரத்தோட எறக்க ஏலாதாம். கடலுக்கு மேல சுத்திச் சுத்திக் கொறைக்கணுமாம்."

அபீபா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் றுமைஸா ஓடிவந்து, விமானங்களைக் காட்டும் படத்தைத் தன் போனில் திறந்தாள். நீர்கொழும்புக்கு மேற்கே, வெறும் நீலத்தில், ஒரு சின்ன மஞ்சள் விமானம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் தாத்தா இருக்கிறாள்.

"மூடு புள்ள. எனக்குப் பாக்க ஏலா."

"பாத்தாத்தானே உம்மா தெரியும்."

"ஏலா எண்டு செல்றேன்!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் போனை எடுத்துத் தாத்தாவுக்குக் குரல்செய்தி பேசி அனுப்பினாள். "தாத்தா, நான் மாப்பு செஞ்சிட்டேன். அல்லாஹ்வுக்காக மாப்பு செஞ்சிட்டேன்." செய்திக்குக் கீழே ஒற்றைச் சரிக்குறி விழுந்தது. போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரண்டாவது விழவில்லை. மறுபடி சொல்லி அனுப்பினாள். அதுவும் ஒற்றைதான். மேலே பறக்கிறவளின் போன் அணைந்து கிடக்கும் என்று தெரியாதா என்ன? தெரியும். பயம் அதையெல்லாம் யோசிக்க விடுவதில்லை. பிளேன் கடலில் விழுந்துவிட்டால் இந்த வார்த்தை யாரிடம் போய்ச் சேரும்? மாப்பு இல்லாமல் போனவள் என்று மறுமையில் தாத்தாவைக் கேட்பார்களா, கொடுக்கவில்லை என்று தன்னைக் கேட்பார்களா? ரோட்டில் பஸ் பிரேக் போட்ட சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டது. நாலாவது தரமும் சொல்லி அனுப்பினாள்.

ஒன்றரை மணித்தியாலம் போயிருக்கும். கதவுக்கு வெளியே றுமைஸாவின் குரல் கேட்டது. "பதியுது உம்மா. எறங்கப் போகுது போல." பிறகு, "உம்மா... படத்துல காணல்ல."

அபீபா முஸல்லா விரிப்பில் நெற்றியை வைத்துக் கிடந்தாள். ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. தாத்தா, தாத்தா என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

நஸீமின் அழைப்பு வந்தபோதும் அவள் நெற்றியை எடுக்கவில்லை. றுமைஸாதான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து எடுத்துப் பேசினாள், பேசியவள் அழுதுகொண்டே சிரித்தாள். "எறங்கிட்டாங்க! ஒத்தருக்கும் ஒண்டும் இல்லயாம்!"

இனி நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, அழுது, முகம் கழுவிவிட்டு வந்த அபீபா போனைப் பார்த்தாள். இன்னும் ஒற்றைச் சரிதான். தாத்தா கேட்டிருக்கவில்லை. பயம் போன இடத்தில் அந்தப் பத்தொன்பது நாளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. நாலு செய்திகளையும் அவள் ஒவ்வொன்றாக அழித்தாள்.

கடைசியை அழித்து முடித்ததும் றலியாவே அழைப்பு எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அபீபா, நேத்து நீ அடுப்படிக்குப் போனியே... மேல அதுதான் கண்ணுக்குள்ள நிண்டுச்சு. புள்ளயள் மொகம்கூட வரல்ல. நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு மூணு தரம் வந்தேன்டீ. மச்சானைக் குழாயோட பாக்க பயம். திரும்பிப் போயிட்டேன். செல்லவும் வெக்கம்."

நேற்றென்றால் அபீபா, நல்லாக் கதை சோடிக்கிறீங்க என்றிருப்பாள். இப்போது சாத்திய கதவையும், வெளியே மகள் தனியாகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் நினைத்தாள்.

"எனக்கும் பாக்க ஏலாமப் போச்சு தாத்தா," என்றாள். "நீங்க எனக்கு மாப்பு செய்யுங்க."