உதவியின்றி நிற்கிறார்

ஓய்வூதிய மனு நிராகரிக்கப்பட்டதாக வந்த கடிதத்தை அக்காதான் உரக்கப் படித்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். எதையும் ஒரே மூச்சில் ஓட்டித் தள்ளிவிடுவாள். ஒரு வரியில் மட்டும் நூல் அறுந்த மாதிரி நின்றாள்.

"'மனுதாரர் உதவியின்றி நேராக நிற்கிறார். தமக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று அவரே தெரிவித்தார்.' டேய், நீயா சொன்ன?"

தம்பி கம்பம் கையிலிருந்த பொத்தான் டப்பாவைக் கிளறினான். கம்பம் என்பது படையில் அவனுக்கு வைத்த பெயர். அணிவகுப்பில் அவன் நின்றால் தலைமேல் காக்கை வந்து உட்காரும் என்பார்கள். அந்தப் பெருமையெல்லாம் ஒரு மலைப்பாதையில் படை லாரி கவிழ்ந்ததோடு போயிற்று. முதுகுத்தண்டில் அடி. இடது கால், தொடைக்குக் கீழே, யாரோ இரவல் கொடுத்த கால் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொள்ளும். குளியலறையில் அவன் விழும் சத்தம் பக்கத்து வீட்டுக்கே பழகிவிட்டது.

முதுகில் ஓர் அறுவை சிகிச்சை செய்தால் பாதிக் காலாவது திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைத்தவர்களுக்குத்தான் படை மருத்துவமனையில் அதைச் செய்வார்கள். கிடைக்காதவனை வாசல் காவலாளியே உள்ளே விடமாட்டான். அவனும் பழைய சிப்பாய்தான். சல்யூட் அடித்துவிட்டுத் துரத்துவான்.

"பரிசோதனை பண்ணவரு மேஜர்க்கா," என்றான் கடைசியில். "உள்ள வந்தாரு, எழுந்து நின்னேன். 'ஏதாவது தொந்தரவு?'ன்னு கேட்டாரு. 'ஒண்ணும் இல்ல சார்!'னு சொன்னேன்."

"ஏண்டா?"

"மேலதிகாரி கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"கால் செத்துப் போனாலுமா?"

"தலையே போனாலும் அப்படித்தான்க்கா."

அக்கா சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. வேறு ஏதோ வந்தது. கையிலிருந்த பொத்தான் டப்பாவைச் சுவரில் விட்டெறிந்தான். வெள்ளைப் பொத்தான்கள் தையல் இயந்திரத்தின் அடியில், கட்டிலின் அடியில், வெட்டுத்துணிக் குவியலுக்குள் என்று ஓடி ஒளிந்தன. அந்த வீட்டில் சட்டைகளுக்குப் பொத்தான் வைப்பது அவன் வேலை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தரையில் உட்கார்ந்து, காலைச் சாக்குமூட்டை போல் இழுத்து இழுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கோபப்படுவதற்குக்கூட ஒழுங்கான கால் வேண்டியிருக்கிறது.

மேல்முறையீடு ஒருமுறைதான். அதிலும் இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். எனவே வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. அக்காவின் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: யார் உள்ளே வந்தாலும் எழுந்திருக்காதே.

மச்சான் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மாலையில் வண்டியை நிறுத்தியதும் மேஜராக மாறினார். அக்காவின் அளவுநாடாவை ஸ்டெதாஸ்கோப் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பம் விருட்டென்று எழுந்து நின்றான்.

"மாப்ள, நான்டா! உங்க அக்காகிட்ட தினம் திட்டு வாங்குறவன்! எனக்குப் போயி எழுந்திருக்கியே!"

"எனக்குத் தெரியுது மச்சான். காலுக்குத் தெரியல."

"அது செத்த காலுன்னு சொன்ன?"

"நீங்க செருமுனா உயிர் வந்துருது."

அடுத்த நாள் அக்கா சீருடைத் துணியால் அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். மச்சான் செருமினார். அவன் எழுந்தான், நாற்காலியும் எழுந்தது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கால் கழன்று, முதுகில் நாற்காலியோடு முகம் தரையில் மோத விழுந்தான். மூக்கில் ரத்தம் வந்தது. துடைக்க வந்த அக்காவின் கையைத் தட்டிவிட்டான்.

"தூக்கத்துல எழுப்புனாலும் விறைச்சு நிக்கணும்னு அடிச்சு அடிச்சுப் பழக்குனது யாரு? அவனுங்கதானே? இப்ப நின்னுட்டியே, போடான்னா? எந்த ஊரு நியாயம்க்கா இது?"

அக்கா முடிச்சை அவிழ்த்தாள். மச்சான் அளவுநாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

விசாரணை அறையில் கண்ணாடி போட்ட நீள மேஜை, அதன்மேல் ஒரு தண்ணீர் ஜாடி, ஓரத்தில் எழுத்தர். மேல்முறையீட்டையும் அதே மேஜர்தான் பார்ப்பாராம். தான் எழுதியது சரியா என்று தானே பார்த்துச் சொல்வதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது. அக்கா அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கதவுக்கு வெளியே ஒரு செருமல். அவ்வளவுதான். அக்காவின் கை காற்றில் தொங்கியது. அவன் கம்பமாக நின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேஜர் வந்து அமர்ந்து கோப்பைப் பிரித்தார். "உட்காருங்க," என்றார் கோப்பிடம். "ஏதாவது தொந்தரவு?"

'ஒண்ணும் இல்ல சார்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எதிரே மேஜரின் வழுக்கை தெரிந்தது. போன தடவையும் இந்த வழுக்கையைத்தான் பார்த்தான். முகம் எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

"நான் நிக்கிறேன் சார்."

"உட்காரச் சொன்னேன்."

"உதவியில்லாம நிக்கிறேன்னு எழுதுனீங்க. இதோ நிக்கிறேன். நீங்க பாருங்க."

"தம்பி, இங்க வந்து இப்படியெல்லாம்..." என்று எழுத்தர் ஆரம்பித்தார். அக்கா பதறி எழுந்தாள்.

"தொடாதக்கா. உதவியின்றின்னு போட்டிருக்காங்க."

மேஜர் நிமிர்ந்தார். முகம் ஒன்றும் மோசமில்லை. தூக்கம் கெட்ட முகம். அந்த முகத்தைப் பார்த்தபடியே கம்பம் நின்றான். முதலில் முழங்கால் நடுங்கியது, பிறகு தாடை. வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணைக் கரித்தது. இடுப்பிலிருந்து ஓர் எரிச்சல் கழுத்துவரை ஏறியது. பிறகு கால், வழக்கம்போல், சொல்லாமல் கழன்றது. மோவாய் மேஜை விளிம்பில் இடிக்க, ஜாடி கவிழ, தண்ணீர் கோப்பின் தாள்களை நனைத்துக்கொண்டு ஓடியது.

மேஜர் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். தரையில் கிடந்தவனின் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். அக்கா தன் முந்தானையில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் குண்டூசிகளில் ஒன்றை உருவி நீட்டினாள்.

"குத்திப் பாருங்க சார். அன்னைக்கே குத்தியிருக்கணும்."

மேஜர் குத்தினார். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த கம்பம், சற்றுப் பொறுத்து, எரிச்சலோடு கேட்டான்:

"எப்ப சார் குத்துவீங்க?"

ஊசி கெண்டைக்காலில் நின்றுகொண்டிருந்தது. எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா," என்றார் மேஜர், மெதுவாக.

"முதல்லயே நீங்க தலைய நிமித்தியிருக்கலாமே சார்."

மேஜர் ஊசியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். இருக்கைக்குத் திரும்பி, ஈரக் கோப்பை ஒதுக்கிவிட்டு, எழுத்தரிடம் புதுத் தாள் கேட்டு வாங்கினார். பேனாவைத் திறந்து, இம்முறை அவன் முகத்தைப் பார்த்தபடி கேட்டார்:

"ஏதாவது தொந்தரவு?"

கம்பம் எழுந்திருக்கவில்லை. மேஜைக்காலில் முதுகைச் சாய்த்து, மோவாய் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தரையிலேயே வசதியாக உட்கார்ந்தான்.

"இருக்கு சார். நிறைய இருக்கு. அந்த ஒரு தாளு பத்தாது."

எழுத்தர் கேட்காமலேயே இன்னும் சில தாள்களை எடுத்து வைத்தார்.