மலைப்பொழுது

தர்மவதி சோற்றைத் தொடாமல் கிடந்த ஐந்தாம் நாள், செஞ்சிக் கடைத்தெருவில் அது நோன்பு ஆகிவிட்டது. அவள் தன் வாயால் நோன்பு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "எனக்கு வேணாம்" என்றாள், அவ்வளவுதான். ஊருக்கு அது போதும். நயினார் வீட்டம்மா சல்லேகனை எடுத்துவிட்டாள், இனி உயிர் போகும்வரை அன்னம் தொடமாட்டாள் என்று தொண்டூர் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. சமணக் குடும்பங்களில் அதைவிடப் பெரிய நோன்பு கிடையாது. வண்டி கட்டிக்கொண்டு வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

நாற்பது நாளைக்கு முன்னால், அவளுடைய ஒரே மகன் அஜிததாஸ் இருபத்திரண்டு வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டபோது, இதே ஆட்களில் பாதிப் பேர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. துக்கத்துக்கு வராதவர்கள் புண்ணியத்துக்கு வந்தார்கள். அதை நினைத்தால் தங்கை மருதேவிக்கு வயிறு எரிந்தது.

கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் மருதேவி. தினமும் மத்தியானம் அக்காவைப் பார்க்க ராஜகிரி அடிவாரத்துக்கு நடந்து வருவாள். நோன்பு எடுப்பவள் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்திலேயே எண்பது வயதில் ஒரு பெரியம்மா, முனிவரிடம் உத்தரவு வாங்கி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, மன்னிப்பும் கொடுத்து, சிரித்த முகமாகப் போய்ச் சேர்ந்தாள். அக்கா யாரிடமும் உத்தரவு வாங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அக்கா புருஷன் குணபாலனிடம் நேற்றே சொல்லிப் பார்த்தாள். சாவு வரட்டும் என்று ஆசைப்படுவதே அந்த நோன்புக்குக் குற்றம் என்று கோயிலில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானே மாமா என்று கேட்டாள். அவர் வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"புள்ள போன போக்குக்கு ஊர்ல தல நிமுந்து நடக்க முடியல. இவளாவது நல்ல பேரோட போறேன்றா. நான் இன்னா பண்ணட்டும்?"

மனுஷன் கெட்டவர் இல்லை. இடிந்துபோனவர். கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், அது பெண்டாட்டியின் பாடையா என்றுகூடப் பார்க்காமல்.

மருதேவிக்கு வேறு ஒரு பாரமும் இருந்தது. அவள் வீட்டுத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் அஜிததாஸின் கைக்கடிகாரம் கிடந்தது. கடைசி நாள் நாலு மணிக்கு, திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அவள் வீட்டுக்குத்தான் வந்தான். சாப்பிட்டான். கை கழுவிவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி அவள் மகள் பத்மாவுக்கு என்று வைத்தான். "எனக்கு இனிமே இன்னாத்துக்கு சித்தி?" என்றான். அந்த 'இனிமே' அவள் காதில் விழத்தான் செய்தது. இன்னாடா பேச்சு இது என்று அதட்டினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் எதையாவது சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. அன்று முதல் ஒருவரிடமும் மூச்சு விடாமல், தினம் காலையில் டப்பாவைத் திறந்து அதற்குச் சாவி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொன்னால், நீ கேட்டிருக்கக் கூடாதா என்று அக்கா கேட்பாள். 

ஆறாம் நாள் கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கும்பிட வந்திருந்த மூன்று பேரை, போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்று வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். குணபாலன் அறை வாசலில் நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டில் நாற்பது நாளாக யாரும் வாயில் எடுக்காத வார்த்தையைக் கேட்டாள்.

"சாவணும்னு இருக்கியாக்கா?"

தர்மவதி திரும்பினாள். இத்தனை பேர் வந்து கும்பிட்டார்களே, ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை.

"ஆமா" என்றாள்.

அப்புறம் மடை திறந்தது. மகன் போவதற்கு முதல் நாள் சாயங்காலத்தைச் சொன்னாள். அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது சமணர் எல்லோருக்கும் பொது. ஆனால் ராஜகிரியின் கிழக்கே, மலையை ஒட்டி இருக்கும் அந்த வீட்டில், சூரியன் மலைக்குப் பின்னால் போன உடனேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பது செத்துப்போன மாமியார் வைத்த சட்டம். அதற்கு மலைப்பொழுது என்று பெயர். கடைத்தெருவில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உங்க வீட்டுல மட்டும் சூரியன் சீக்கிரமா பென்ஷன் வாங்கிக்கிறாரு என்று மருதேவி எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறாள்.

அன்று மலை பொழுதை வாங்கிய பிறகு அஜிததாஸ் வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றானாம். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவளே சொன்னாளாம், பொழுது போயிடுச்சுடா, காலையில சாப்டுக்கோ என்று. சரிம்மா என்று போனானாம். காலையில் அவன் இல்லை.

"பசியோட அனுப்பிட்டேன்டி" என்றாள் தர்மவதி. "எனக்கு இன்னாத்துக்குச் சோறு?"

மருதேவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கடிகாரத்தை அக்காவின் கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். நாலு மணிக்கு வந்ததை, சாப்பிட்டதை, அந்த 'இனிமே'யை, தான் அதட்டி வாயை அடைத்ததை. ஒன்றையும் மறைக்கவில்லை.

"அவன் பசியோட போவலக்கா. இன்னா வலியோட போனான்னு எனக்கும் தெரியல. நான் கேக்கல. கேட்டிருந்தா நின்னிருப்பானான்னும் தெரியாது. உங்கிட்டயாவது கேக்கணும்னு வந்தேன்."

அக்கா அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். தர்மவதி கடிகாரத்தைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். வாசலில் குணபாலன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். டாக்டரைக் கூட்டிவரும்படி மருதேவி சொன்னாள். நோன்பு என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார்.

"இன்னா சாப்டான்?" என்று கேட்டாள் தர்மவதி.

"புளிசோறு. மோர்மொளகா."

"நல்லாச் சாப்டானா?"

"ரெண்டாந்தடவ கேட்டு வாங்கினான்."

தர்மவதி தலையை ஆட்டினாள். கண் ஓரமாக நீர் இறங்கித் தலையணையில் சொட்டியது. மகன் போன நாளிலிருந்து அவள் அழுது மருதேவி பார்த்ததில்லை. அழட்டும் என்று கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து அக்கா கேட்டாள். "பொழுது இருக்குதா?"

மருதேவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ராஜகிரி பொழுதை வாங்கி நேரமாகிவிட்டது. வீட்டின் மேல் மலையின் நிழல் முழுசாக விழுந்திருந்தது. தூரத்தில் கடைத்தெரு ஓட்டுக் கூரைகளின் மேல் மட்டும் மஞ்சளாகக் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருக்குதுக்கா. மலைதான் மறைக்குது."

தர்மவதி அதைக் கேட்டு விசும்பினாள். "அன்னிக்கும் இருந்துச்சு இல்ல?" என்றாள்.

மருதேவி பொய் சொல்லவில்லை. "இருந்துச்சு" என்றாள்.

பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த வீட்டில் மலைப்பொழுதுக்கு மேல் அடுப்பு எரிந்தது அதுதான் முதல் தடவை. கஞ்சியை நீர்க்கக் கரைத்து, உப்புப் போட்டு ஆற்றிக்கொண்டு வந்தபோது, தர்மவதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். மருதேவி ஊட்டப் போனாள். அவள் வேண்டாம் என்று தலையசைத்து, டம்ளரைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள்.