டெலித் பெயரைச் சேர்த்தால்

எலேரிக்கு லைசென்ஸ் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அவள் வாங்கிய பழைய காரின் விலை எண்ணூறு பவுண்டு. அதற்கு இன்சூரன்ஸ் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. பதினெட்டு வயது என்று விண்ணப்பக் கட்டத்தில் உண்மையை நிரப்பிய பாவத்துக்கு இந்தத் தண்டனை. ஜெயிலிலிருந்து வந்தவனைக்கூட யாரும் இப்படிச் சந்தேகப்பட மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர வேண்டும். மலை இறங்கும் முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான். கார் ஓடாவிட்டால் வேலை இல்லை, அவ்வளவுதான். கையில் இருந்தது ஆயிரத்து இருநூறு.

சனிக்கிழமை காலை லாப்டாப்போடு உட்கார்ந்தாள். விவரத்தைக் கொட்டினால் நாற்பது கம்பெனிகள் விலை சொல்லும் இணையதளம். நிதானமாக ஓட்டுகிற பெரியவர் ஒருவரை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்தால் விலை இறங்கும் என்பது வேல்ஸில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த ஆள் நிஜமாகவே அவ்வப்போது ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது மோசடி.

முதலில் அம்மா ஷானின் பெயரைச் சேர்த்தாள். விலை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ஆனது.

"உன்னால ஏறுதும்மா."

"வேகமா ஓட்டினதுக்கு ரெண்டே ரெண்டு ஃபைன்டி. அதுவும் உன்னை ஸ்கூல்ல விடப் போனப்ப."

அடுத்து அப்பா ஹியூ. குடித்துவிட்டு ஓட்டி ஒரு வருடம் லைசென்ஸ் பறிபோன மகராசன். நாற்பது கம்பெனிகளில் முப்பத்தொன்பது ஓடியே போய்விட்டன. மிஞ்சிய ஒன்று ஐயாயிரம் கேட்டது.

"கம்பெனிக்காரனுக்காவது புத்தி இருக்கே," என்றாள் ஷான், உள்ளம் குளிர்ந்து.

எலேரி தொண்டையைச் செருமினாள். "டெலித்தைச் சேர்த்துப் பாக்கட்டுமா?"

டெலித், ஷானின் சிறுவயதுத் தோழி. ஆறு வருடத்துக்கு முன் ஹியூ வீட்டை விட்டுப் போனது அவளிடம்தான், மூன்று தெரு தள்ளி. அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெயர் கிடையாது. டிவியில் வானிலை சொல்பவளுக்கும் அதே பெயர் என்பதால் வானிலையும் கிடையாது. ஆனால் இருபத்தாறு வருடமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், அந்தப் பஸ்ஸில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

"உனக்கென்ன பைத்தியமாடி?"

"விலைதானேம்மா கேக்கறேன். அவளை விருந்துக்கா கூப்பிடறேன்?"

ஷான் எழுந்துபோய், கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். எலேரி கட்டங்களை நிரப்பத் தொடங்கினாள். பிறந்த தேதிக் கட்டத்தில் கை நின்றுவிட்டது.

"மார்ச் பதினாலு, எழுபத்திரண்டாம் வருஷம்," என்றாள் ஷான், திரும்பாமலே.

"லைசென்ஸ் எப்ப வாங்கினாங்க?"

"தொண்ணூத்தி ரெண்டுல. மூணாவது தடவைதான் பாஸ் பண்ணினா. வெளிய மழையில காத்துக்கிட்டு நின்னது நான்."

எலேரி பட்டனை அழுத்தினாள். ஆயிரத்து நூற்று முப்பது. ஷான் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அவகிட்டக் கேக்காமப் போடக் கூடாதும்மா. நிஜமாவே வந்து ஓட்டணும். நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

"நீ போனா உங்கப்பன்தான் கதவைத் திறப்பான். அரை மணி நேரம் அறுப்பான். உக்காரு."

ஷான் கைகளைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"டெலித்தா? ஷான் பேசறேன்... யாரும் சாகல. பொண்ணு காருக்கு உன் பேரு வேணும். ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்ச தூரம் ஓட்டணும், அவ்வளவுதான். பெட்ரோல் நாங்க போட்டுக்கறோம். அவன் வரக் கூடாது."

மறுமுனையில் ஏதோ சத்தம். ஷான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எலேரி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

"சரி சரி, அழாதடி," என்றாள் ஷான். "கண்ணு தெரியாம நீ எங்கயாவது கொண்டுபோய் இடிச்சேன்னா, பணம் கட்றது நாங்க."