மெயினை அணைத்த பிறகும் சுற்றிய சக்கரம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். அவர் இறங்கிப் போய்விட்டார், எனக்கு ஏறின கோபம்தான் இறங்கவில்லை. கோபத்தோடு எழுதினால் கதை கெட்டுப்போகுமாம். கெடட்டும்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘தொண்ணூற்றொன்றாம் வருஷம், மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலை வேளையில் வெள்ளத்தாய்…’

அடச்சீ. கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்ல வந்தவனுக்கு மேகம் எதற்கு? அடித்துவிட்டேன்.

அடுத்தது: ‘வெள்ளத்தாய் குடியிருந்த வீட்டில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது.’ இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போவோம்.

2

ராஜபாளையத்தில் தவசிமுத்து என்பவர் வீட்டு மாடி அது. கீழே அவருடைய பேண்டேஜ் துணி கோடவுன். ஒரு பொறி பட்டால் அம்புட்டும் போச்சு. அதனால் மாடியில் குடியிருப்பவர்களுக்கு விறகு கூடாது, மண்ணெண்ணெய் ஸ்டவ் கூடாது, கேஸ் கூடாது. சோறும் கரண்ட் அடுப்பில், பிள்ளைக்கு வெந்நீரும் கரண்ட் ஹீட்டரில். மில்லில் ஷிப்டு பார்க்கும் காசிராஜன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, பெண்டாட்டி வெள்ளத்தாயையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறினான். மாடிக்குத் தனி மீட்டர்.

இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுத்தார்கள். அட்டையில் எழுதியிருந்த யூனிட்டைப் பார்த்ததும் காசிராஜன் கேட்டான்:

“ஏட்டி, நீ இங்க சோறு பொங்குதியா, மில்லு ஓட்டுதியா?”

அன்றிலிருந்து அவள் குறைக்க ஆரம்பித்தாள். அரிசியை ஊறப்போட்டு ஏற்றினாள். பாதி வேகும்போதே சுவிட்சை அணைத்து, அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் மீதியை வேகவிட்டாள். குழம்பு ஒரு நேரம்தான். குளிக்கிற தண்ணீரைக் குடத்தோடு மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். ஃபேனைப் பிள்ளையைத் தூங்கவைக்கும்போது மட்டும் போட்டாள், அதுவும் தூங்கினதும் அணைத்துவிடுவாள்.*

(* ஒரு வாரப் பத்திரிகையில் மின்சாரம் சேமிக்கப் பத்து வழி போட்டிருந்தான். முதல் வழி, பிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். யாரிடமடா இருக்கிறது பிரிட்ஜ்? பத்து வழியில் ஒன்றுகூட உங்கள் மீட்டரில் வேறு யார் ஒயர் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள் என்று சொல்லவில்லை.)

அடுத்த ரீடிங். ஏதோ கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

“அடுத்த தடவையும் இப்படித்தான்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு சுந்தரபாண்டியத்துக்கு உங்கம்மா வீட்டுக்குப் போயிரு. நான் மெஸ்ஸுல தின்னுக்கிடுதேன்” என்றான்.

“எம்புட்டு நாளைக்கு?”

“கரண்டு குறையுத வரைக்கும்.”

(இதை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரைக் குடித்தேன். அரை வேக்காட்டுச் சோற்றைத் தின்னுகிறவளை ஊதாரி என்கிறான் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

3

வெள்ளத்தாய் அழவில்லை. ‘அழுதாள்’ என்று எழுதி அடித்தேன், அவள் அந்த ரகம் இல்லை. மறுநாள் பகலில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கினாள். மெயினையும் அணைத்தாள். மாடிப்படிக்கு இறங்கி வந்து மீட்டரைப் பார்த்தாள்.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் பிரிந்து கீழே போனது. அது போன இடத்தில் ஆறு ஜீரோ வாட் பல்பு. படியில் இரண்டு, வாசலில் ஒன்று, கோடவுனில் சாமி படங்களுக்கு மூன்று. ராப்பகலாக எரிகின்றன.

புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். தவசிமுத்து வெளியே வந்தார்.

“ஏலே காசி, அது ஜீரோ வாட்டுலே. ஜீரோன்னா என்ன? ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாதது எப்படிலே கரண்ட் எடுக்கும்?”

“சக்கரம் சுத்துதே அண்ணாச்சி” என்றாள் வெள்ளத்தாய்.

“மீட்டருன்னா சுத்தத்தான் செய்யும் தாயி. சந்தேகம்னா பல்பு வாங்கின கடையிலயே போய்க் கேளு. கரண்ட் எடுக்கும்னு அவிய சொல்லட்டும், அம்புட்டுப் பில்லையும் நான் கட்டுதேன்.”

4

தவசிமுத்துவை முதலில் திருடனாகத்தான் எழுதினேன். முறுக்கு மீசை வைத்தேன், தங்கப் பல் கட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஏனென்றால் அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. ஜீரோ பல்பு கரண்ட் எடுக்காது என்று நிஜமாகவே நம்பினார். எடுக்காததை எந்த மீட்டரில் கொடுத்தால் என்ன என்று பக்கத்தில் இருந்ததில் கொடுக்கச் சொன்னார்.

அவருக்கு அப்படி யார் சொன்னது?

நான்தான்.

டவுன் பஸ்ஸும் கிடையாது, பக்கத்து சீட்டுக்காரரும் கிடையாது. ஒன்றாம் எண்ணில் சொன்னது பொய். அந்தக் கரண்ட் சாமான் கடையில் கவுண்டரில் நின்றவன் நான். “ஜீரோ வாட் அண்ணாச்சி, வருஷம் பூரா எரிஞ்சாலும் கரண்டே எடுக்காது” என்று ஊருக்கே விற்றவன் நான். பேர்தான் ஜீரோ, எடுப்பது பதினைந்து வாட். அட்டைப்பெட்டியை ஒவ்வொரு நாளும் பிரிக்கிற எனக்குத் தெரியும். ஆறு பல்பு ஒரு நாள் முழுக்க எரிந்தால் ரெண்டு யூனிட்டுக்கு மேல். அவள் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து நிதானமாகச் சமைக்கிற கரண்ட் அது.

இத்தனை நேரம் யார்மேல் கத்திக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறதா?

5

அவள் வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. காசிராஜன் ரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, பெத்த பிள்ளையாணைக்கு உண்மையச் சொல்லுங்க. ஜீரோ பல்பு கரண்ட் எடுக்குமா, எடுக்காதா?”

கல்லாவில் முதலாளி. தவசிமுத்து புதுக் கட்டடத்துக்கு எங்களிடம்தான் சுருள் சுருளாக ஒயர் எடுக்கிறார். முதலாளி என்னைப் பார்த்தார்.

“பேருலயே இருக்கேம்மா” என்றேன்.

“கேட்டுக்கிட்டியா? அடுத்த ரீடிங் வரைக்கும் எதுக்கு, இப்பவே கெளம்பு” என்றான் காசிராஜன். மறுநாளே அவள் பிள்ளையோடு சுந்தரபாண்டியம் போய்விட்டாள்.

[மாற்று முடிவு 1: “எடுக்கும் தாயி, பதினஞ்சு வாட்” என்று நான் சொல்லிவிட, முதலாளி என்னை… எழுத வரவில்லை.]

[மாற்று முடிவு 2: தவசிமுத்துவே எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு… அவர் எதற்குக் கூப்பிடுவார்?]

நடந்தது இதுதான். ரெண்டு மாதம் கழித்துக் காசிராஜன் கடைக்கு வந்தான், கையில் ரீடிங் அட்டை. முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீயளா அண்ணாச்சி, அவ போன பொறவு பாதியாக் கொறஞ்சிட்டு! நான் சொன்னேன்லா, அம்புட்டும் அவ கைதான். இனி அவ அங்கயே இருக்கட்டும்.”

அடுப்பே எரியாத வீட்டில் மிச்சப் பாதியை யார் எரித்தது? அவன் அதைக் கேட்கவில்லை. அவன் கேட்காததால் நானும் சொல்லவில்லை. ஏழு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், ஏழு தடவையும் அந்த இடத்தில் நான் டெஸ்டரைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

நீங்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வாருங்கள். முதலாளி இன்று கடையில் இல்லை. அவன் நீட்டின ரீடிங் அட்டை உங்கள் கையில்தான் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள், அவன் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டான்.