பேசாத நாளில் வந்த மெசேஜ்

கேக்குக்காரம்மாவுக்கும் அவள் புருஷன் பூட்டுக்காரருக்கும் ஐந்து நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. எதற்குச் சண்டை என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சரியாகச் சொல்ல வராது. வீறாப்பு மட்டும் குறையவில்லை. பால் தீர்ந்தது, குழாய் ஒழுகுகிறது, எல்லாமே மெசேஜில்தான்.

அன்று காலை அவள் கேக்குக்குக் கிரீம் தடவிக்கொண்டிருந்தபோது அவர் கணக்கிலிருந்து ஒன்று வந்தது. "உன் போனுக்கு ஆறு இலக்க நம்பர் வரும். உடனே அனுப்பு."

மற்ற நாளாக இருந்தால் எதுக்கு, ஏன் என்று குடைந்து எடுத்திருப்பாள். இப்போது கேட்டால் தான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடுமே! வந்த நம்பரை அப்படியே தட்டிவிட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அரை மணியில் நாத்தனார் கூப்பிட்டாள். "என்ன அண்ணி, ஏதோ நம்பர் கேட்டிருக்கீங்க? அனுப்பட்டுமா?"

"நான் எங்கம்மா கேட்டேன்? அனுப்பிடாதே."

கேக் ஆர்டர் எடுக்கிற தன் இணையப் பக்கத்தைத் திறந்தால் உள்ளேயே விடவில்லை. ஏழு வருஷம் சுட்ட கேக்குகளின் படங்கள், அவளை நம்பி ஆர்டர் கொடுக்கிற நாலாயிரம் பேர், எல்லாம் எவனோ ஒருத்தன் கையில். அவள் பேரைச் சொல்லி இன்னும் யார் யாரை ஏமாற்றப் போகிறானோ, பாவி.

மீட்க இருந்த ஒரே வழி, கணக்குத் தொடங்கியபோது அவர் போட்டுக் கொடுத்த பழைய மின்னஞ்சல். அதன் பாஸ்வேர்டு பூட்டுக்காரர் மண்டைக்குள் இருந்தது. கிரீம் கையோடு கடைக்கு ஓடினாள். அவர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு நம்பர் கேட்டீங்க?"

"நான் எதுவும் கேக்கல. காலையிலேருந்து என் கணக்குக்குள்ளேயே போக முடியல. நீதான் கோபத்துல ஏதோ பண்ணி வச்சுட்டேன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நீ மட்டும் கேட்டியாக்கும்."

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன், தன் கணக்குக்குக் கடைப் பலகையில் எழுதியிருக்கிற போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார். சமர்த்துதான், போங்கள். நல்லவேளை, அந்த மின்னஞ்சலுக்கு மட்டும் வேறு வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்ட செல்லப்பெயர். சொல்லும்போது அவருக்குக் காது சிவந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

'இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்தவும்' என்று ஒரு கடிதம் அதில் காத்திருந்தது. அழுத்தினாள். மதியத்துக்குள் அவள் பக்கம் திரும்பிவிட்டது, சாயந்திரம் அவருடையதும். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைத்தார்கள், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டார்கள். தன் பெயரில் யார் நம்பர் கேட்டாலும் தர வேண்டாம் என்று நாலாயிரம் பேருக்கும் அவள் எழுதினாள்.

"இனி நானே நம்பர் கேட்டாலும் தராதே. போன் போட்டு என் குரலைக் கேளு," என்றார் அவர்.

"சண்டையில இருந்தா?"

"இருந்தாலும் போடு."

அடுத்த மாதம் மறுபடி சண்டை. இரண்டாம் நாள் மதியம் கடையில் போன் அடித்தது.

"ஏதாவது நம்பர் கேட்டிருந்தீங்களா?"

"இல்லையே. மெசேஜ் ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. சாப்பிட்டீங்களா?"