போகியில் பொறுக்கிய யானை

போகிக்குத் தெருவில் வீசியதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எடுத்தவர் அதைக் கலையாக்கிவிட்டால், வீசியவருக்கு மறுபடி உரிமை வந்துவிடும். சட்டம் அப்படி. சிற்பி மாசிலாமணிக்கு இது தெரியும். தெரிந்தேதான் யானை செய்தார்.

கால்கள் நசுங்கிய தண்ணீர் டிரம்கள். காதுகள் முறங்கள். வயிறு, கதவில்லாத ஃபிரிட்ஜ். தும்பிக்கை வாஷிங் மெஷின் குழாய்.

கண்காட்சிக் கூடத்தில் அமைச்சர் ரிப்பன் வெட்டும்போது பீடம் காலியாக இருக்கக்கூடாது. இருந்தால் சிற்பியே ஏறி நிற்க வேண்டும். அவரை வீசியவர் யாராவது வந்து கேட்டால் வீட்டுக்குப் போகலாம். கேட்காவிட்டால் குப்பை லாரி. போன வருஷம் ஓர் ஓவியர் போனார். நெட்டையான ஆள். மடித்துத்தான் ஏற்றினார்கள்.

முதலில் ஓர் அம்மாள் வந்தார். ஓட்டை என்று அவரே வீசிய முறங்களைத் தட்டிப் பார்த்தார்.

"யானைக்கு ஆகும்னா எனக்கு ஆகாதா?"

இரண்டு காதோடும் போனார்.

கதவைச் சாத்தும்படி காவலாளி சின்னப்பனிடம் சொன்னார் மாசிலாமணி. சின்னப்பன் நடந்தார். நடக்க நடக்கக் கூடம் நீண்டது. கொஞ்ச நேரத்தில் அவர் கட்டைவிரல் அளவு தெரிந்தார். போய்க்கொண்டேதான் இருப்பதாக அங்கிருந்து குரல் கொடுத்தார். உரிமைக்காரர்களுக்கு மட்டும் அந்தத் தூரம் ஒரே எட்டாக இருந்தது.

கலை விமர்சகர் பூதலிங்கம் கழுத்தில் துண்டோடு வந்து சேர்ந்தார். காதில்லாத யானை நம் காலத்தின் கேளாமையைப் பேசுகிறது என்றார். அவர் பேசும்போதே ஒரு குடும்பம் டிரம்களை உருவியது. தெருவுக்குத் தண்ணீர் வரவில்லையாம். யானை வயிற்றில் உட்கார்ந்தது. பூதலிங்கத்துக்குக் கண் கலங்கியது.

"இப்பத்தான்யா யானை தன்னையே கடந்து போகுது."

"ஆட்டோல போகுது சார்," என்றார் மாசிலாமணி.

ஃபிரிட்ஜும் போனது. குழாயும் போனது. வாலாக இருந்த கயிறுகூடக் கொடி கட்டப் போனது. வெற்றுப் பீடத்தைச் சுற்றி வந்த பூதலிங்கம், இதுதான் சிற்பியின் உச்சம் என்றார். வெளியே அமைச்சரின் கார் சைரன் கேட்டது. அதன் பின்னால் லாரி.

மாசிலாமணி பீடத்தின்மேல் ஏறி நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அப்போது அவர் மனைவி குணவதி உள்ளே வந்தாள். அவருக்கு மூச்சு வந்தது.

குணவதி அவரைப் பார்க்கவில்லை. பீடத்தின் கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். பீடமே ஒரு தேக்குப் பெட்டிதான்.

"எங்கம்மா சீரா குடுத்தது. கரையான்னு நான்தான் போட்டேன். காலைக் கொஞ்சம் தூக்குங்க."

இருபது வருஷப் பழக்கம். மாசிலாமணி இரண்டு காலையும் தூக்கினார். அவள் பெட்டியை உருவிக்கொண்டாள். அவர் அந்தரத்தில் அதே உயரத்தில் இருந்தார்.

"என்னையும் கேளு," என்றார் மெதுவாக.

"உங்களை நான் எப்பங்க தூக்கிப் போட்டேன்?"

"போட்டேன்னு சொல்லு. லாரி வந்துடுச்சு."

குணவதி யோசித்தாள். அவள் கண் நிறைந்தது.

"ஒரு நாளும் மனசால கூடப் போட்டதில்லை. கூசாம எப்படிங்க பொய் சொல்றது?"

ரிப்பன் அறுந்தது. அமைச்சர் கை தட்டினார். பூதலிங்கம் அண்ணாந்து பார்த்தார். துண்டைக் கழுத்திலிருந்து இறக்கினார். லாரிக்காரர்கள் இரண்டு பேர் வந்து, மாசிலாமணியின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்கள்.

குணவதி கறுப்புத் துணியை நனைத்து, பெட்டி இருந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள். பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"தரை ஈரமா இருக்கு. காயற வரைக்கும் யாரும் கால் வைக்காதீங்க."

லாரிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். மாசிலாமணி காலை இறக்கவில்லை. யாரோ மின்விசிறியைப் போட்டார்கள்.