எல்லாம் ஆண்டையுடையது

எங்கள் கூரையில் காய்த்த பூசணிக்காயைக் காட்டி "யாருதும்மா இது?" என்று யார் கேட்டாலும், என் அம்மா கங்கையம்மாள் "ஆண்டையுதுங்க" என்பாள். விதை போட்டவள் அவள். தண்ணீர் ஊற்றியவள் நான். காஞ்சிபுரம் அருகே கூரத்துப் பக்கம் எங்கள் ஊர்க் கழனியில் பாதி ஆண்டை தணிகாசலத்துடையது, ஒப்புக்கொள்கிறேன். பூசணிக்காய் எப்படி அவருடையது ஆகும்? எங்கள் ஆட்டுக்குட்டியைக் கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு மண்டை குடையும்.

"ஏம்மா பொய் சொல்ற?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பொய்யி இல்லடி வடிவு. அப்புடித்தான் சொல்லணும். நம்முளுதுன்னா திமிருன்னுவாங்க" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அடி பெரிதாக வலிக்கவில்லை. பதில்தான் போதவில்லை. இப்படி ஏன், எதற்கு என்று நச்சரித்தே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்தேன். காஞ்சிபுரத்தில் அரசு விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். உதவித்தொகையில் சென்னையில் பி.ஏ., அப்புறம் பி.எல். விடுமுறைக்கு வந்தால் அம்மாவோடு நாற்று நடப் போவேன். சேற்றில் நின்றபடி ஒருமுறை கேட்டாள்: "வக்கீலுக்குப் படிச்சிக்கினு இருக்கியே, வக்கீலுன்னா இன்னா பண்ணுவ?"

"இப்ப உன்னக் கேக்குற மாதிரியே எல்லாரையும் கேள்வி கேப்பேன். ஆனா யாரும் என்ன அடிக்க முடியாது" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

கறுப்புக் கோட்டு போட்ட ஏழாம் மாதம், 1975இல், எங்கள் குடிசைக்கே வழக்கு வந்தது. விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தணிகாசலம் காஞ்சிபுரம் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். அது குடிசையே இல்லை, என் மாட்டுக் கொட்டகை. கங்கையம்மாள் மாடு பார்க்க வந்துபோகிறவள் என்றார். கொழுப்பைப் பாருங்கள்! தோற்றால் அம்மாவுக்குப் போக்கிடம் கிடையாது. எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவள் வாய்தான் சாட்சி.

அதுவோ எல்லாவற்றையும் ஆண்டைக்குக் கொடுத்துவிடுகிற வாய். ஒரு வாரம் அவளை உட்காரவைத்துப் பழக்கினேன்.

"வூடு யாருதுன்னு கேப்பாங்க. என்னுதுன்னு சொல்லும்மா."

"என்னு..." என்று தொடங்குவாள். நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஆண்டைய வச்சிக்கினு எப்புடிடி சொல்றது? வாயே வர மாட்டேங்குதே."

"அப்ப அவரப் பாக்காத. செவுத்தப் பாத்துச் சொல்லு."

விசாரணை நாளில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் வழியாகக் கோர்ட்டுக்கு நடந்தோம். அம்மா கூண்டில் ஏறி முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், அடுப்பு எந்த மூலையில் என்று நான் கேட்டதற்கெல்லாம் சுவரைப் பார்த்து ஒழுங்காகச் சொன்னாள். அப்புறம் தணிகாசலத்தின் வக்கீல் எழுந்தார். பழம் தின்று கொட்டை போட்ட ஆள்.

"ஏம்மா, செவுத்துல இன்னா இருக்குது? உங்க ஆண்டையப் பாத்துச் சொல்லு. அந்த வூடு யாருது?"

அம்மா தணிகாசலத்தைப் பார்த்தாள். கை தானாகக் குவிந்தது. "ஆண்டையுதுதாங்க."

"போதும்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். முன்சீப் எழுதிக்கொண்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. படுபாவி, ஒரு வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேனே!

மறுவிசாரணைக்கு எழுந்தேன். என்ன கேட்பதென்றே தெரியவில்லை. ஆனால் அந்த நேரத்திலும் எனக்கு ஓர் ஆச்சரியம். காயும் அவருடையது, குட்டியும் அவருடையது, வீடும் அவருடையது. இவள் எதுவரைக்கும் போவாள்? யோசிப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"அவரப் பாத்தே சொல்லுங்க. இங்க கோட்டு போட்டுக்கினு நிக்கிறேனே, நான் யாரு வூட்டுப் பொண்ணு?"

அம்மா தயங்கவே இல்லை. "ஆண்டை வூட்டுப் பொண்ணுதாங்க."

தணிகாசலம் துள்ளி எழுந்தார். "அடச்சீ! இன்னா பேசுறா இவ? எங்க வூட்டுப் பொண்ணா? ஐயா, அது சும்மா மரியாதைக்குச் சொல்றதுங்க! எதக் கேட்டாலும் இதுங்க அப்புடித்தான் சொல்லும்!"

அவருடைய வக்கீல் உட்காரச் சொல்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "எதக் கேட்டாலுமா?" என்று முன்சீப் பேனாவை எடுத்தார்.

வழக்கு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. அது எனக்கே தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. பெற்ற மகளை ஊர் பார்க்க இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டாள். கொடுக்கவைத்தவள் நான்.

முன்சீப் அம்மா பக்கம் திரும்பினார். "மரியாதையெல்லாம் வேணாம். நெசத்தச் சொல்லும்மா. இது யாரு பொண்ணு?"

அம்மா மறுபடி தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் என்னைக் காட்டி, அசிங்கத்தைத் தொட்டுவிட்டவர்போலக் கையை உதறிக்கொண்டிருந்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கும்பிட்ட கைகளைப் பிரித்துக் கூண்டின் கட்டையைப் பிடித்தாள்.

"என்னுதுங்க" என்றாள். "நான் பெத்தது. அந்த வூட்லதான் பெத்தேன். மண்ணு கொழச்சி செவுரு வச்சதும் நானுதான். வூடும் என்னுதுதாங்க."